எட்டு போல்ட்டுகளில் ஒன்று

இது நடந்தது 1996ஆம் ஆண்டு மே மாதம், லண்டனில். அப்போது நானும் மனைவியும் கைக்குழந்தையுமாக மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வேலை, ரயில் பாதைக்குக் கீழே வளைவு வளைவாக இருக்கும் கட்டடங்களில் ஒன்றில் இயங்கிய சிறிய பட்டறையில். முதலாளியோடு சேர்த்து ஒன்பது பேர். மேலே ரயில் போகும்போதெல்லாம் மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பை நடுங்கும்.

அங்கே செய்ததெல்லாம் பந்தயக் கார்களுக்கான சின்னச் சின்ன உதிரிப்பாகங்கள். அந்தக் கார்கள் ஓடியது அமெரிக்காவில். கூரை இல்லாமல், நான்கு சக்கரங்களும் வெளியே தெரிய, முட்டை வடிவமான மைதானத்தில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி மணிக்கு இருநூறு மைலுக்கு மேல் ஓடுகிற கார்கள். வேலைக்குச் சேரும்வரை இப்படி ஒரு பந்தயம் இருப்பதே எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த ஆக வேகமான வண்டி தனியார் மினிபஸ்தான்.

அந்த வருடம் அந்தப் பந்தய உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. பழைய, புகழ்பெற்ற மைதானத்தின் பக்கம் ஒரு புது அமைப்பு உருவாகியிருந்தது. அதன் விதிகளுக்கு வரமாட்டோம் என்று பெரிய குழுக்கள் பல பழைய அமைப்போடேயே நின்றுவிட்டன. மே மாதக் கடைசி ஞாயிறு பழைய மைதானத்தில் ஐந்நூறு மைல் ஓட்டம் நடப்பது காலங்காலமான வழக்கம். அந்த வருடம் மற்றப் பக்கத்தினரும் அதே ஞாயிற்றுக்கிழமை, வேறொரு மாநிலத்தில், தாங்களும் ஒரு ஐந்நூறு மைல் ஓட்டத்தை அறிவித்துவிட்டார்கள்.

எங்கள் பட்டறையின் முக்கியமான வாடிக்கையாளர்கள் இரண்டு குழுக்கள். ஆளுக்கொரு பக்கம். இரண்டு குழுக்களின் தலைமை மெக்கானிக்குகளும் பல வருடம் ஒரே குழுவில் ஒன்றாக வேலை செய்தவர்கள். பிரிவு வந்த பிறகு ஒருவரோடு ஒருவர் பேச்சு இல்லை. “அந்தப் பக்கத்துக்கும் நீதான் செய்து கொடுக்கிறாயா?” என்று ஒருவர் தொலைபேசியில் கேட்பாராம். முதலாளி காது கேட்காததுபோல வேறு கதைக்குப் போய்விடுவாராம். இதை அவரே எங்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்.

என் வேலை, செய்து முடித்த பாகங்களைச் சோதித்து அனுப்புவது. கறுப்புத் திரை தொங்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. போல்ட்டுக்குக் காந்தமேற்றி, இரும்புத்தூள் கலந்த திரவத்தை அதன் மேல் ஊற்றி, ஊதா விளக்கின் கீழே பிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் தலைமயிர்போல ஒரு பச்சைக்கோடு ஒளிரும். வெடிப்பு உள்ளதைச் சிவப்புத் தட்டிலும் நல்லதை நீலத் தட்டிலும் போட வேண்டும். நீலத் தட்டில் உள்ளவற்றுக்கு வரிசையாக எண் பொறித்துப் பெட்டியில் அடைத்து அனுப்புவேன். சிவப்புத் தட்டில் சேர்வதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறுத்து எறிவோம்.

மே மாத ஆரம்பத்தில், சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளைக் காரோடு பிணைக்கிற போல்ட்டுகள் ஒன்பது சோதனைக்கு வந்தன. விரல் நீளம்தான் இருக்கும். கடைசி இரண்டில் ஒன்றில் பச்சைக்கோடு தெரிந்தது. மற்றதையும் பார்த்தேன், சுத்தம். இரண்டும் கையில் இருக்கும்போதே முதலாளி திரையை விலக்கி, “உன் மனைவி தொலைபேசியில். ஏதோ அவசரமாம்” என்றார்.

மனைவி பட்டறைக்குத் தொலைபேசி எடுப்பதே இல்லை. குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். மறுமுனையில் அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

“இஞ்சேருங்கோ, மாமியின்ரை கடிதம் வந்திருக்கு. ஓம், அவவின்ரை கையெழுத்துத்தான்!”

முந்தைய வருடக் கடைசியில், போர் நெருங்கி வந்து யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வீட்டை விட்டு வெளியேறியபோது என் அம்மாவும் போயிருந்தார். அதன்பிறகு ஆறு மாதமாக உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியாது. அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய் மேசையில் இருந்த இரண்டு போல்ட்டுகளையும் எடுத்தேன். ஒன்றைச் சிவப்புத் தட்டிலும் மற்றதை நீலத் தட்டிலும் போட்டேன். எதை எதில் போட்டேன் என்ற யோசனையே எனக்கு இருக்கவில்லை. எட்டுக்கும் எண் பொறித்தேன். நான்கு ஒரு குழுவுக்கு, நான்கு மற்றக் குழுவுக்கு. அன்று மாலையே இரண்டு பெட்டிகளும் அமெரிக்காவுக்குப் போயின.

இரண்டு கிழமை கழித்து, பந்தயத்துக்கு முந்திய வியாழக்கிழமை பின்னேரம், சிவப்புத் தட்டைக் காலி செய்ய எடுத்தேன். அன்று போட்ட அந்த போல்ட்டை அறுக்க முன்னம் வேலையில்லாத கை சும்மா இருக்காமல் அதை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தது. கோடு இல்லை. துடைத்து, மறுபடி காந்தமேற்றி, திரவத்தை ஊற்றிப் பார்த்தேன். இல்லை. நான்காவது தடவையும் இல்லை. கையில் இருந்தது நல்ல போல்ட். அப்படியானால் வெடித்தது அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் எங்கள் ஊர் அண்ணை ஒருவர். அங்கேயே லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலில் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு நாலு பக்கமும் பார்த்தார்.

“ஆருக்கும் சொன்னனியே?”

“இல்லை அண்ணை.”

“அப்ப வாயை மூடிக்கொண்டிரு. அங்கை அவங்களும் செக் பண்ணித்தான் பூட்டுவாங்கள். நீ போய்ச் சொன்னா உன்ரை வேலை போகும். உன்னைக் கொண்டந்து விட்டவன் எண்டு என்ரை வேலையும் போகும். விசா அலுவலும் இன்னும் முடியேல்லை உனக்கு. யோசி.”

அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவருக்கு மூன்று பிள்ளைகள். எனக்கும் அவர் சொன்னதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. திரும்பிப் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருந்திருப்பேன். அந்தப் பத்து நிமிடத்தில், ஆறு மாதம் நாங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி வேறு யாரோ ஒரு வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்குள் வந்து வந்து போனது. எழுந்து முதலாளியின் அறைக்குப் போனேன்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராத காலம். சொல்ல நினைத்து வைத்திருந்த வாக்கியம் எல்லாம் மறந்துபோனது. போல்ட்டை மேசையில் வைத்து, “இது நல்லது. கெட்டதை நான் அனுப்பிவிட்டேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து சோதனை அறைக்குள் போனார். தானே இரண்டு தடவை பார்த்தார். வெளியே வந்தார். “எந்தப் பெட்டியில்?” என்றார். “தெரியாது” என்றேன்.

பழைய மைதானத்தில் இருந்த குழுவின் மெக்கானிக்கை உடனே பிடிக்க முடிந்தது. மாதம் முழுக்க அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். மற்றக் குழுவின் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் மற்ற மாநிலத்துக்குப் பந்தயத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். முதலாளி அந்த எண்ணை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். வேலை முடிகிற மணி அடித்தும் நான் போகவில்லை. லேத் அண்ணையும் போகவில்லை. கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆறரை மணிபோல முதலில் பேசிய மெக்கானிக் திரும்பத் தொலைபேசி எடுத்தார். நான்கையும் கழற்றி, வெடிப்பைக் காட்டும் சாயம் பூசிப் பார்த்துவிட்டார்களாம். நான்கும் சுத்தம். முதலாளி கண்ணை மூடி மூச்சு விட்டார். பிறகு எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அப்படியென்றால் வெடித்த போல்ட் மற்றவர்களின் காரில் இருக்கிறது.

முதலாளி மெதுவாகக் கேட்டார், “மற்ற மெக்கானிக் எங்கே தங்கியிருக்கிறார் என்று உனக்குத் தெரியுமா?”

அந்த மனிதர் சொன்னதை முதலாளி எங்களுக்குப் பிறகு அப்படியே சொன்னார். “கிறிஸ்மஸிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. பேசவும் போவதில்லை என்று இருந்தேன். அவன் எந்த மோட்டலில் இறங்குவான் என்று எனக்குத் தெரியும். போனை வை, நானே எடுக்கிறேன்.”

அன்று வேறு செய்தி வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், “வேலை போனா போகட்டும். சொன்னது நல்லது” என்றாள். ஆனால் தன்னுடைய தொலைபேசி அழைப்பால் வந்ததென்று அவள் தனக்குள் நினைத்ததை முகத்தில் கண்டேன். அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று சொன்னேன். அது உண்மைதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பட்டறையின் பேக்ஸ் மெஷின் கிறீச்சிட்டது. கையால் எழுதிய மூன்று வரி. ஏழாம் எண் போல்ட்டில் வெடிப்பு. வலது முன்சக்கரத்தில் பூட்டியிருந்தது. மூன்றாவது வரியில், இரண்டாவது தடவை பார்த்த ஆளுக்கு நன்றி சொல்லவும் என்று இருந்தது.

வலது முன்சக்கரம் என்றால் என்ன என்று அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை. முதலாளி ஒரு காகிதத்தில் முட்டை வடிவத்தை வரைந்து காட்டினார். கார் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்பும். திரும்பும்போது முழுப் பாரமும் வலப்பக்கச் சக்கரங்களில் விழும். அந்தப் பக்கம் போல்ட் அறுந்தால் கார் நேரே சுவருக்குத்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இல்ஃபோர்ட்டில் இருந்த லேத் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டில்தான் சாட்டலைட் டிஷ் இருந்தது. வாசலிலேயே, “நான் சொன்னதை மனசிலை வச்சிராதை தம்பி. பயத்திலை சொல்லிப்போட்டன்” என்றார். எனக்கும் அதே பயம் இருந்தது என்றேன். அண்ணையின் மனைவி தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்தார். தொலைக்காட்சியில் கிடைத்தது இரண்டில் ஒரு பந்தயம்தான், அந்த ஏழாம் எண் போல்ட் போன பக்கத்தாரின் பந்தயம்.

பச்சைக் கொடி விழுமுன்னமே முன்னால் போன கார்கள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டு, பின்னால் வந்ததெல்லாம் அதில் போய்க் குவிந்தது. புகையும் உடைந்த சக்கரங்களும். கையில் இருந்த கோப்பை சாய்ந்து தேநீர் என் காற்சட்டையில் கொட்டியதே எனக்குத் தெரியவில்லை. அண்ணை என் தோளைப் பிடித்து, “பார், எல்லாரும் இறங்கி நடக்கிறாங்கள். இது முட்டுப்பட்டது, உன்ரை போல்ட் இல்லை” என்றார். அது சரிதான். கார்களை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினார்கள். எங்கள் குழுவின் கார் கடைசிவரை ஓடியது. வெல்லவில்லை. நடுவில் எங்கோ முடித்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் காரின் வலது முன்சக்கரத்தை மட்டும்தான். மற்ற மைதானத்தில் எங்கள் மற்றக் குழுவும் பிரச்சினையில்லாமல் ஓடி முடித்தது என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது.

என் வேலை போகவில்லை. ஆனால் முதலாளி என்னைச் சோதனை அறையிலிருந்து எடுத்து, மூன்று மாதம் பாகங்களின் விளிம்பு தேய்க்கிற மேசையில் விட்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. மூன்று மாதம் முடிய அவரே சோதனை அறையின் பூட்டுத் திறப்பைக் கொண்டுவந்து தந்தார். சோதனை நடக்கும்போது யாரும் அந்தத் திரையை விலக்கக் கூடாது என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். “கூப்பிட்டது நான். அதில் என் பிழையும் உண்டு” என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு மெக்கானிக்குகளும் அதற்குப் பிறகு நண்பர்கள் ஆகிவிட்டார்களா என்று நான் ஒருநாள் முதலாளியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். அன்று கதைத்தது நாலு நிமிடமாம். போல்ட் எண்களைச் சொல்லி, எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டார்களாம். அதன் பிறகும் பேச்சு இல்லை. அந்தப் பந்தயம் இரண்டாகவே பல வருடம் ஓடியது.

லண்டனில் எங்கள் ஆட்களும் பிரிவதில் குறைந்தவர்கள் இல்லை. நான் இருந்த சங்கமே இரண்டாகி, ஒரே சனிக்கிழமை இரண்டு மண்டபங்களில் இரண்டு ஆண்டு விழா வைத்த காலம் உண்டு. நானும் ஒரு பக்கத்தில் நின்று, மற்றப் பக்கத்தாரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவன்தான். ஆனாலும் அவர்கள் வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டால், கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுக்க நான் அன்று மோட்டலுக்கு எடுத்த அந்த மெக்கானிக்கிடம்தான் கற்றுக்கொண்டேன். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

ஏழாம் எண் போல்ட் இருந்த காரை ஓட்டியவருக்கு இப்போது நல்ல வயதாகியிருக்கும். லண்டனில் ஒருவன் பத்து நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வதா விடுவதா என்று யோசித்தது அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும், இத்தனை வருடம் கழித்தும், அந்தப் பத்து நிமிடத்தின் முடிவில் எழுந்து நடந்தேன் என்பதைவிட, எழுந்திருக்காமலே இருந்திருக்கவும் கூடும் என்பதுதான் மறக்க முடியாமல் இருக்கிறது.