நெற்றிச் சூடு தொண்ணூற்று மூன்று

பொன்னுவேல் அண்ணன் காய்ச்சலைக் கையால் அறிகிறவர். புறங்கையை நெற்றியில் வைப்பார். பிறகு கழுத்தோரம் வைப்பார். "நூறு இருக்கும்" என்பார். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நூறோ, கொஞ்சம் கூடவோ இருக்கும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் மருந்தகத்தில் பத்தொன்பது வருடம் காயம் கட்டிய கை அது.

அவருடைய தாத்தா ஓமலூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அப்பா அதே எஸ்டேட்டில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிப்பவர். தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, பத்தாவது முடித்து, மருந்தகத்தில் பஞ்சு சுருட்டும் வேலையில் சேர்ந்தார் அண்ணன். மருந்தகத்தை மூடியபோது அவருக்கு முப்பத்தைந்து வயது. முதலுதவிச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் மைன்ஸுக்கு வந்தார்.

மைன்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். குழி எதுவும் கிடையாது. செம்மநத்தத்துக்கு அப்பால் ஒரு முகட்டின் தலையைப் படிப்படியாகச் சீவி பாக்சைட் எடுக்கிறார்கள். லாரிகள் அதைக் கீழே சமவெளியில் இருக்கும் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோகின்றன. நான் அங்கே லாரி அனுப்பும் எழுத்தர். பி.காம். படித்திருக்கிறேன். அண்ணனுடைய முதலுதவி அறையும் என் மேசையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. நடுவில் ஒரு ஒட்டுப்பலகை.

பலகைக்கு அந்தப்பக்கம் நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும். விரல் நசுங்கி வருகிறவனிடம் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"உங்க ஊட்டு நாய்க்கு என்ன பேருங்க?"

"நாய்க்கா? மணி... ஐயோ! ஆ!"

"மணியா? ஊருல பாதி நாய் மணிதான். முடிஞ்சுது, எந்திரிங்க."

கோபமும் வரும். மருந்து கட்டிய துணியோடு ஓடையில் கை கழுவியவனை மைன்ஸ் முழுக்கத் துரத்திப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

நோய்க்காலம் வந்தபோது முதலில் வேலை நின்றது. பிறகு ஆலையின் உலை அணையக் கூடாது என்று அனுமதி வாங்கி மறுபடி தொடங்கினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து நாற்பது பக்கத்தில் ஒரு திட்டம் வந்தது. தொழிலாளர்கள் இரண்டு அணி. ஓர் அணி பதினைந்து நாள் மேலே முகாமிலேயே தங்கி வேலை செய்யும். பதினாறாம் நாள் காலை அது இறங்க, மற்றது ஏறும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் வாயிலில் நெற்றிச் சூடு பார்க்க வேண்டும். முதலுதவிப் பொறுப்பாளர் திருப்தி அடையாவிட்டால் அவரே வாயிலை மூடலாம் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அந்தத் திட்டத்தைத் தமிழாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது நான்தான்.

ஆளைத் தொடாமல் சூடு காட்டும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வந்தது. கை எட்டும் அளவுக்குத் தள்ளி நின்று கையை மட்டும் நீட்டச் சொன்னார்கள். நெற்றி மறையக் கூடாது, தலையில் துண்டு, குல்லாய் எதுவும் ஆகாது என்றும் உத்தரவு. அதையும் நான்தான் எழுதி ஒட்டினேன்.

எங்கள் ஆட்கள் மஞ்சக்குட்டையிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் விடியற்காலையில் திறந்த ஜீப்பிலும் டிராக்டரிலும் நின்றபடியே வருவார்கள். மேலே ஏற ஏற மூடுபனி முகத்தில் அடிக்கும். மலைக்காரர்கள் அதற்காகவே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வது. வாயிலில் அதை அவிழ்க்கச் சொல்லி ஒரு முறை திட்டு வாங்கியதும், அடுத்த முறை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

கருவி தொண்ணூற்று மூன்று காட்டியது. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று இரண்டரை. பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நூறைத் தாண்டினால்தான் சிவப்பு. அது எரியவே இல்லை. இருபத்தாறு பேரின் பட்டியலையும் அன்றன்றே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவேன். "நன்று" என்று பதில் வரும். நல்ல உடம்பின் சூடு தொண்ணூற்றெட்டு என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அண்ணனுக்கு அது தூக்கத்திலும் தெரியும். அங்கே வரிசையில் யாருக்கும் அந்தச் சூடு இல்லை என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. காய்ச்சலைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் வருடம் சித்திரையில், ஓர் அணி ஏறிய ஐந்தாம் நாள், முகாமில் ஒன்பது பேர் படுத்தார்கள். பாறையில் துளை போடும் மாதப்பனுக்கு மூச்சு வாங்கியது. சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியில், கொண்டையூசி வளைவுகள் முடிவதற்குள், இறந்துபோனார். மகளுக்குக் கல்யாணம் பேசிவைத்திருந்தவர்.

எப்படி உள்ளே வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. வாயிலில் எல்லோருக்கும் பச்சைதான். கீழ்நாட்டு லாரிக்காரர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று பேச்சானது. ஒரு கிளீனர் தண்ணீர் பிடிக்க இறங்கியபோது கல் விட்டெறிந்தார்கள். அண்ணன் அவனுக்குக் கட்டுப் போட்டார். அன்று நாய்ப் பெயர் எதையும் கேட்கவில்லை.

வைகாசியில் அடுத்த மாற்று நாள். காலை ஆறே கால். வாயிலுக்கு வெளியே இருபத்தாறு பேர். உள்ளே, ஊருக்கு இறங்க மூட்டை கட்டிக்கொண்டு மிச்சம் பதினேழு பேர். அவர்களுக்குப் பின்னால் ஏழு லாரி.

வரிசையில் எட்டாவது ஆள் ஐயாக்கண்ணு. செம்மநத்தத்தில் சாமையும் கொஞ்சம் காபியும் போட்டிருப்பவர், அறுபதை நெருங்குகிறவர். காது வரை இறுக்கித் துண்டைச் சுற்றியிருந்தார்.

"ஏனுங்க, துண்டு ஆவாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

"பனி தலைக்கேறி நா செத்தா உங்க மைன்ஸு வந்து கொள்ளி போடுமா? இந்தா, அவுத்துட்டேன். சுடுங்க!"

வரிசையில் சிரித்தார்கள். அண்ணன் கருவியை நீட்டினார். தொண்ணூற்றேழு புள்ளி எட்டு. பச்சை.

"உங்களுக்குத்தானுங்க சூடு ஜாஸ்தி" என்று அண்ணனும் சிரித்தார். நான் எழுதினேன். ஒன்பதாவது ஆள் வந்து நின்றான். அண்ணன் கையை நீட்டவில்லை. என்னிடம் வந்து, நோட்டை வாங்கி, போன மாதத்துப் பக்கங்களைத் திருப்பினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பிறகு கருவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, வரிசையின் முன்னால் போய், உறை போடாத புறங்கையை ஒன்பதாவது ஆளின் நெற்றியில் வைத்தார்.

"பனி அடிச்ச நெத்தி, ஐஸ் மாதிரி கெடக்குது" என்றார். பிறகு கையைக் கழுத்துச் சட்டைக்குள் விட்டார். எடுத்தார்.

"சந்தோசு, இவனுக்கு நூறு இருக்குது தம்பி" என்றார் என்னைப் பார்த்து.

ஒன்பதாவது ஆள் மாதேஷ். டிராக்டரின் முன்பக்கத்தில் நின்று வந்தவன். சற்று முன்பு அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் வண்டி ஷெட்டுக்குப் போங்க. தள்ளித் தள்ளி உக்காருங்க. அர மணி நேரம் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்றார் அண்ணன். பழைய மருந்தகத்திலிருந்து கொண்டுவந்த பாதரசத் தெர்மாமீட்டர் மூன்று அவரிடம் இருந்தது. ஸ்பிரிட்டில் முக்கி முக்கி, மூன்று மூன்று பேராக அக்குளில் வைத்தார். அது முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கம்பிக் கதவை உலுக்கினார்கள்.

"பதினஞ்சு நாளாச்சு, எங்கள ஊட்டுக்கு உடுங்கய்யா!"

"பொன்னுவேலு, உனக்கு இன்னிக்குத்தான் டாக்டர் பட்டம் குடுத்தாங்களா?"

நான்கு பேருக்குக் காய்ச்சல். மாதேஷுக்கு நூற்றொன்று.

"ராத்திரியே குளிர் அடிச்சுதுங்க" என்றான். "சொன்னா உள்ள உட மாட்டீங்கன்னுதான்..."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவர் மோசமானவர் இல்லை. மாதப்பனின் வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்று அழுதவர். அன்றைக்கு அவருடைய செல்போன் காதிலேயே இருந்தது. ஆலையில் மூன்று நாளைக்குத்தான் பாக்சைட் இருப்பு.

"நாலு பேர அனுப்பிருங்க பொன்னுவேல். மிச்சம் இருபத்திரெண்டு பேர் உள்ள வரட்டும்."

"வரக் கூடாதுங்க சார். ஒரே டிராக்டர்ல மூஞ்சியோட மூஞ்சி ஒட்டி வந்திருக்காங்க. இன்னிக்கு இல்லாத காய்ச்சல் நாலு நாள்ல வரும். பதினாலு நாள் ஊட்டுல இருந்துட்டு வரட்டும்."

"அப்ப உள்ள இருக்கிறவங்க?"

"அவங்க எறங்கட்டும். அவங்களுக்குச் சொன்ன தவணை முடிஞ்சுது."

"ரெண்டும் நடந்தா மைன்ஸ் நிக்கும். உங்களுக்குப் புரியுதா?"

"புரியுதுங்க."

"மிஷின் பச்சை காட்டுதுல்ல? அதத்தான பிளான்ல போட்டிருக்கு?"

"மாதப்பனுக்கும் பச்சைதாங்க காட்டுச்சு." என்றார் அண்ணன். "நாந்தானுங்க உள்ள உட்டேன். இந்தக் கையில பத்தொன்பது வருசம் பாத்தவன், அன்னிக்குத் தள்ளி நின்னு தொண்ணூத்தி மூணுன்னு சொன்னேன். தொண்ணூத்தி மூணு சூட்டுல எந்த மனுசன் நிப்பான் சார்?"

அண்ணன் உள்ளே இருந்த பதினேழு பேரையும் பின்பக்க வழியாக இறங்கச் சொன்னார். வாயிலைப் பூட்டினார். என்னிடம் இருந்த திட்டத்தின் ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்து வாங்கி மேனேஜரிடம் கொடுத்தார்.

வெளியே நின்றவர்கள் அதற்காக அவரைக் கும்பிடவில்லை. பதினாலு நாள் வேலை போனால் அடுப்பு எரியாது. ஐயாக்கண்ணுதான் அதிகமாகத் திட்டினார். "நா துண்டு கட்டுனதுக்கா இத்தன பேருக்குச் சோறு போச்சு?" என்று காரி உமிழ்ந்துவிட்டு நடந்தார்.

காய்ச்சல்காரர்கள் நான்கு பேரையும் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் டிரைவர் தனியாக வரமாட்டேன் என்றார். அண்ணன் தானே ஏறிக்கொண்டார். ஏறுவதற்கு முன்னால் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"பதினாலு நாளு, சந்தோசு. யார் சொன்னாலும் தொறக்காத. நா வந்து தொறக்கறேன்."

அவர் வரவில்லை. மூன்றாம் நாள் அவருக்கே காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் அதே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். ஆறாம் நாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து நேராக எனக்கே போன் வந்தது. உலையை அணைத்தால் மறுபடி பற்றவைக்க மாதங்கள் ஆகும், அதற்கு அப்புறம் இந்த மைன்ஸே தேவைப்படாமல் போகலாம் என்றார் ஒருவர். குரலை உயர்த்தவே இல்லை. வாயிலுக்கு வெளியே ஆட்களும் வந்து நின்றிருந்தார்கள், ஐயாக்கண்ணு உட்பட. கீழே கடைகளெல்லாம் மூடியிருந்தன, வேறு வேலையும் இல்லை.

அவர்களை அரை மணி நேரம் ஷெட்டில் உட்கார வைத்தேன். பாதரசத் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தேன். யாருக்கும் காய்ச்சல் இல்லை. திறந்தேன்.

அன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் பேசினார். நர்ஸ் போனைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூச்சுக்கு ஒரு வார்த்தையாக வந்தது.

"பூட்டி... இருக்குதா?"

என் சன்னலுக்கு வெளியே லாரியில் பாக்சைட் கொட்டிக்கொண்டிருந்தது. போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். சத்தம் அடங்கியதும், "பூட்டித்தான் இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"செரி தம்பி."

மறுநாள் விடியலில் இறந்தார். பிளாஸ்டிக் உறையில் சுற்றி சேலத்திலேயே எரித்துவிட்டார்கள். அவர் மனைவி கனகா அக்காவுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை.

நான் திறந்த மூன்றாம் நாள் முகாமில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. ஒருவர் ஐயாக்கண்ணு. பிழைத்துவிட்டார். இப்போது அவரால் மேடு ஏற முடியவில்லை, பத்தடிக்கு ஒரு முறை நிற்கிறார். வேலையும் இல்லை. உலை அணையவில்லை. மைன்ஸ் நடக்கிறது. அந்த வருடம் நோயிலும் நிற்காமல் நடந்ததற்காக எங்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. பலகையில் அதை ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன்.

போன மாதம் கனகா அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். காபிக் கொட்டையைச் சாக்கில் காயப்போட்டபடியே கேட்டார்.

"கடைசியா உங்களோடதான் பேசுனாராம். என்னங்க கேட்டாரு?"

"மைன்ஸ் கேட்டு பூட்டியிருக்குதான்னு கேட்டாருங்க்கா."

"இருந்துச்சா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பூட்டியிருக்குதுன்னு சொன்னேங்க்கா" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். "அது போதுங்க" என்றார். "அவரு அதத்தான் நெனச்சுட்டுக் கெடந்திருப்பாரு. கொஞ்சமாச்சும் நிம்மதியாப் போயிருப்பாரு."

நான் கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. காபி கொடுத்தார். குடித்தேன்.