பட்டை காய்ச்சும் மனிதர்

முதல் தடவை வந்தது பஸ்ஸில். செங்கல்பட்டில் பென்ஷன் வாங்கிக்கொண்டு மாமல்லபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வலைக்குப் பட்டை காய்ச்சும் வாசனை அடித்தது. (நூல் வலை உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க, மரப்பட்டையைக் கொதிக்கவைத்து அந்தச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள்.) கடல் இன்னும் எத்தனையோ மைல் தள்ளி இருந்தது. வயல்காட்டில் எவன் பட்டை காய்ச்சுகிறான் என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன்.

அப்போது அடிவயிற்றிலிருந்து பயம் கிளம்பியது. போர்முனையில் இருந்தவன் நான். பயம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியும். இதற்குக் காரணமே தெரியவில்லை. அது நெஞ்சுவரை ஏறியபோது, கரி பிடித்த ஓர் அண்டாவும் அதன்மேல் குனிந்து துடுப்பால் கிளறிக்கொண்டிருந்த ஓர் ஆளும் தெரிந்தார்கள். அந்த ஆள் என் அப்பா. நான் சிறுவனாக இருந்தபோதே கடலோடு போனவர். அவர் கிளறுவதை நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி, எதையோ சொல்ல வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கண் விழித்தபோது சாலையோரப் புளியமரத்தடியில் கிடந்தேன். நாக்கு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். கால்சட்டை நனைந்திருந்தது. இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று யாரோ புண்ணியவான் என் கையில் தன் வீட்டுச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார். நான் குடித்திருக்கிறேனா, எனக்குக் காக்கா வலிப்பா என்று சுற்றி நின்றவர்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதே நோய் உள்ளவர்களுக்காகவும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் என்னைப்போல நீங்களும் தனியாகப் பயந்துகொண்டிருப்பீர்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் என் ஊர். எட்டாவதோடு படிப்பை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தேன். எழுபத்தொன்றாம் வருடப் போரில், கிழக்கு எல்லைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஷெல் வெடித்து, அதன் சில்லு ஒன்று இடது காதுக்கு மேலே மண்டைக்குள் போனது. எடுத்தார்கள். முழுக்க எடுக்க முடியவில்லை. ராணுவ ஆஸ்பத்திரியில் தலைக்கட்டோடு படுத்திருந்தபோது பொழுது போகாமல் எழுத ஆரம்பித்தேன். முதலில் பட்டாளத்தைப் பற்றி, பிறகு ஊரைப் பற்றி. எழுதியதைக் கவிதை என்று சொன்னவர்கள் செங்கல்பட்டில் சிறு பத்திரிகை நடத்திய நண்பர்கள்தான். நான் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டேன்.

பஸ்ஸில் வந்தது மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே வாசனை, அதே பயம், திரும்பிப் பார்க்கும் அப்பா. அடித்துப்போட்ட உடம்போடு எழுந்து உட்கார்ந்ததும் எழுதுவேன். நண்பர்கள் என் எழுத்தில் அதிகம் பாராட்டியது அந்த அப்பா கவிதைகளைத்தான். குழந்தைப் பருவத்திலிருந்து எனக்கு மிஞ்சியிருந்த ஒரே அப்பா அவர்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி டாக்டர் என்னைப் பட்டணத்துக்கு அனுப்பி ஈ.ஈ.ஜி. (மூளையில் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக வரையும் சோதனை) எடுத்துவரச் சொன்னார். காகிதத்தை விரித்துவைத்து, கோடு ஓரிடத்தில் வேலிமுள்போல எழும்பி நிற்பதைக் காட்டினார்.

"காயம் ஆறின தழும்பு இங்க இருக்கு. அதுலேர்ந்துதான் கிளம்புது. வாசனை, பயம், காட்சி எல்லாம் இதோட சேர்ந்ததுதான். ஆரான்னு சொல்வோம்." (ஆரா என்பது வலிப்புக்கு முன்னோடியாக வரும் உணர்வு.) "மாத்திரை எழுதித் தரேன். ஒரு வேளைகூட விடக் கூடாது."

"மாத்திரை போட்டா அந்தக் காட்சியும் வராதா சார்?" என்று கேட்டேன்.

"வராது. நல்லதுதானே?" என்றார்.

பீனோபார்பிட்டோன் (மூளையின் கொதிப்பைத் தணித்து வலிப்பைத் தடுக்கும் மருந்து) நன்றாக வேலை செய்தது. வலிப்பு நின்றது. கூடவே எழுத்தும் நின்றது. தலைக்குள் ஈரச் சாக்கைப் போட்டதுபோல மந்தம். கிழிந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு, ஊசி எந்தக் கண்ணில் நிற்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். அப்பா வரவில்லை. வலிப்பு வருமோ என்று ஒரு பயம், அப்பா இனி வரவே மாட்டாரோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன்.

என் மனைவி கன்னியம்மாளுக்கு முதல் பயம் மட்டும்தான். ஆடி மாதம் அம்மனுக்கு என்னைக் காப்புக் கட்டவைப்பதாக வேண்டிக்கொண்டாள். எங்கள் குப்பத்தில் காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வேளைதான் சாப்பாடு. ஊசி, மாத்திரை எதுவும் உடம்பில் படக் கூடாது. ஆத்தாள் பார்த்துக்கொள்கிற உடம்பை வைத்தியன் தொட்டால் அவளுக்குக் கோபம் வரும் என்பது பேச்சு.

"கூழு ஊத்தி காப்பு அவுக்குற வரைக்குந்தான்யா. அப்பால போட்டுக்க" என்றாள்.

நான் மறுக்கவில்லை. அப்பா வருவாரோ என்ற ஆசையும் எனக்கு இருந்தது. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வேண்டுதல் எதுவானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கூழ் ஊற்றும் அன்று, கோயில் வாசலில் பம்பை அடித்துக்கொண்டிருக்கும்போது வாசனை வந்தது. அப்பா திரும்பினார். இதற்குமேல் நடந்தது எனக்குத் தெரியாது, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். நான் விழுந்து துடித்ததைப் பார்த்து ஜனங்கள் கைகூப்பினார்கள். ஆத்தாள் என்மேல் வந்திருப்பதாக நினைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை வாயில் திணித்து, குறி கேட்டார்கள். மீன்பாடு எப்படி இருக்கும் என்று ஒருவர். மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று இன்னொருவர். நான் பல்லைக் கடித்து உறுமியதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. (இதைத் தொடர்வலிப்பு என்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான கட்டம்.) உதடு நீலம் பாய்ந்ததைக் கன்னியம்மாள் பார்த்திருக்கிறாள்.

"தள்ளுங்கயா! ஆத்தா வந்தா இப்டியா கண்ணு சொருவும்? ஆளு செத்துகினு கீறான், குறி கேக்குறீங்களே!" என்று கத்தியிருக்கிறாள். மீன் வெட்டும் கத்தியை எடுத்து என் கையிலிருந்த காப்பை அறுத்திருக்கிறாள். கோயில் வாசலில், பம்பை நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும்போது. கூட்டம் பின்வாங்கிவிட்டதாம். அவள் ஐஸ் வண்டிக்காரரின் காலில் விழுந்து, மீன் பெட்டிகளுக்கு நடுவே என்னைப் போட்டுச் செங்கல்பட்டு கொண்டுபோனாள்.

ஊசிமேல் ஊசி போட்டு நிறுத்தினார்கள். எனக்கு நினைவு வந்தபோது, கன்னியம்மாள் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் அக்கா. கடப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், சேதி கேட்டு வந்திருந்தாள்.

டாக்டர் என் பெயர், ஊர், கிழமை எல்லாம் கேட்டார். கிழமை தெரியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஏதாவது சொல்லச் சொன்னார். ஞாபகம் எந்த அளவுக்கு அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்காக. எனக்கு என் கவிதைதான் வந்தது. தடித்த நாக்கால் மெல்லச் சொன்னேன்:

பட்டை கொதிக்கிறது
கட்டம்போட்ட லுங்கியில்
அப்பா திரும்புகிறார்
கையைத் தூக்குகிறார்
அவர் வாயில் நிற்கும் சொல்லுக்கு
நான் மகன்

டாக்டர் தலையாட்டினார். அக்கா குறுக்கே பேசினாள்.

"டேய் ஏழுமல, யார்ரா அது? நைனாவா?"

"ஆமாக்கா."

"நைனா எங்கடா பட்ட காச்சனாரு? நமக்கு ஏது வலை? அவுரு அடுத்தவன் கட்டுமரத்துல கூலிக்குப் போனவரு. லுங்கிலாம் அவுரு கட்டி நான் பாத்ததே இல்ல. கோமணத்தோட போவாரு, வந்தா நாலு மொழ வேட்டி." என் பக்கம் குனிந்து சொன்னாள். "அவுரு போவ சொல்ல உனக்கு மூணு வயசுகூட ரொம்பலடா. வூட்ல ஒரு போட்டோகூடக் கெடையாது. அவுரு மூஞ்சி உனக்கு எப்டித் தெரியும்?"

புதிதாக ஒரு பயம் பிடித்தது. வலிப்புக்கு முன் வருகிற பயத்தைவிட இது கொடியதாக இருந்தது. அந்தப் பயம் கொஞ்ச நேரத்தில் நினைவைத் தட்டிவிடும். இது நினைவோடு இருந்தது.

டாக்டர் என் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். "காயம்பட்ட அன்னைக்குக் கடைசியா என்ன பார்த்தீங்க, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். அன்று மத்தியானம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு அதையே நினைத்தேன். ஒரு குளக்கரை வந்தது. எங்கள் பிரிவு ஓய்வுக்காக நின்றிருந்தது. அந்த நாட்டு மீனவர் ஒருவர் ஏதோ காயை இடித்துப் போட்டுக் கொதிக்கவைத்து வலையை முக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வாசனை மாதிரியே இருந்தது. அது என் ஒருவனுக்குத்தான் தெரியும், பிரிவில் வேறு மீனவன் கிடையாது. நான் மட்டும் கூட்டத்தைவிட்டு அவரிடம் நடந்துபோனேன். கட்டம்போட்ட லுங்கி. அவர் திரும்பினார். கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார்.

வா என்றாரா, கிட்டே வராதே என்றாரா? அவர் என்ன ஆனார்? தெரியாது. அவர் பாஷையும் எனக்குத் தெரியாது.

மறுநாள் இதை டாக்டரிடம் சொன்னேன். "இருக்கலாம். ஆனா இதுவும் அப்படியே நடந்ததுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. அடிபட்ட மூளை இடைவெளியை எதையாவது வச்சு நிரப்பிக்கும்" என்றார். அவர் மறைக்காமல் சொன்னதற்கு இன்றைக்கு நன்றி சொல்கிறேன். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பல மாதங்கள் ஒரு வரி எழுதவில்லை. எதை எழுத வந்தாலும், இது நடந்ததா, தழும்பு சொல்கிறதா என்று சந்தேகம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். கடப்பாக்கத்துக்குப் போய் அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஊருக்குப் பக்கத்துக் கோட்டை இடிபாட்டில் என்னைத் தேள் கொட்டியது உண்மையா? உண்மை. புயலில் வீட்டுக் கூரை பறந்தது? அது அவள் எனக்குச் சொன்ன கதை, அப்போது நான் பிறக்கவே இல்லை. சொந்தக் குழந்தைப் பருவத்துக்கு இன்னொருவரிடம் சாட்சி கேட்பதுபோல ஒரு கேவலம் வேறில்லை. அப்பா ஒருவர் இருந்தார், இறந்தார். எனக்கு அவரைத் தெரியாது. இதை ஏற்றுக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது, இழவு வீட்டில் இருப்பவன்போல உட்கார்ந்திருந்தேன்.

குப்பத்தில் கன்னியம்மாளிடம் பலர் பேசவில்லை. காப்பை அறுத்தவள். கடலில் யாருக்காவது ஏதாவது ஆனால் பழி அவள் தலையில்தான் விழும். அவளும் பயந்தாள். ஆனால் காலையும் மாலையும் மாத்திரையை என் நாக்கில் வைத்து, நான் விழுங்குகிறவரை எதிரில் நின்றாள்.

அவள் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள். ஒருநாள் இருட்டியும் வரவில்லை. சாலையில் பஸ் வெளிச்சமே இல்லை. அடிவயிற்றில் பயம் கிளம்பியது.

விழுந்தால் அடிபடாத இடமாகப் பார்த்து, பழக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். வாசனைக்காகக் காத்திருந்தேன். பயம் நெஞ்சுவரை ஏறியது. கருவாட்டு நாற்றமும் உப்புக்காற்றும்தான் மூக்கில் பட்டன. அண்டா இல்லை, திரும்பிப் பார்க்கும் ஆளும் இல்லை. அவளுடைய கூடையும், அவள் ஏறும் பஸ்ஸின் உடைந்த படியும், காப்பறுத்தவள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜனங்களும்தான் நினைவுக்கு வந்தார்கள். இது நோய் இல்லை. பெண்டாட்டி வீடு வராதவனுக்கு வருகிற பயம். நூற்றுக்கு நூறு என்னுடையது. எனக்கு அழுகை வந்தது.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "இன்னாயா, மணல்ல குந்திகினு கீற? வந்துடிச்சா?" என்று என் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தாள்.

"இல்ல. நீ வரலியேன்னு பயந்துட்டேன்."

"அதுக்கா அழுவுற? பஸ்ஸு பஞ்சரு. நடந்து வரேன், காலு போச்சு."

அந்த வாரம் ஒரு கவிதை எழுதினேன். அதில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவன் இருந்தான். அவனுக்கு அப்பா இல்லை. நன்றாக இருக்கிறதா என்று தெரியவில்லை. நடந்ததா என்று யாரிடமும் போய்க் கேட்கவேண்டியிருக்கவில்லை.

இன்றைக்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். கடலில் தனியாக இறங்குவதில்லை, கிணற்றடியில் நிற்பதில்லை. என் நாள் என்பது ஒரு மாத்திரையிலிருந்து அடுத்த மாத்திரை வரைக்கும்தான், அதற்கு மேல் யோசிப்பதை விட்டுவிட்டேன். பயம் கிளம்பும்போது உட்கார்ந்து, இது யாருடையது என்று முதலில் பார்க்கிறேன். நோயினுடையது என்றால் கன்னியம்மாளைக் கூப்பிடுகிறேன். என்னுடையது என்றால் அதைப் போகச் சொல்வதில்லை, கூடவே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.