கண் பரிசோதனையில் நின்ற வேலை

கனடாவில் யார் காலை யார் மிதித்தாலும் இரண்டு பேருமே ‘ஸாரி’ சொல்வார்கள். அம்பத்தூர் பக்கம் மண்ணூர்பேட்டையில் பஸ் ஏறி வளர்ந்த எனக்கு அது பழக நாளானது. அதனால் அன்று அந்த நர்ஸ் ‘ஸாரி’ என்றபோது நானும் சிரித்துக்கொண்டே ‘ஸாரி’ என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஏரிக்கரை அணுமின் நிலையத்தில் ஆபரேட்டர் பயிற்சி வேலைக்கான மருத்துவப் பரிசோதனை அது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்துவிட்டு இங்கே கிடங்கில் பெட்டி தூக்கியவன் நான். கணக்கையும் இயற்பியலையும் மறுபடி படித்து, எழுத்துத் தேர்வு, நேர்காணல், போலீஸ் விசாரணை எல்லாவற்றையும் தாண்டியிருந்தேன். நர்ஸ் வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி, என்ன எண் தெரிகிறது என்றாள். வேண்டுமென்றே வெற்று அட்டையைக் காட்டுகிறாள் என்று நினைத்து, “எண்ணே இல்லை” என்றேன். அடுத்ததிலும் இல்லை. “எல்லாவற்றிலும் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுத்தான் அவள் ‘ஸாரி’ சொன்னாள். பிறகு சின்ன விளக்குகளை எரியவிட்டு நிறம் கேட்டார்கள். நான் சிவப்பு என்றது பச்சையாம். கட்டுப்பாட்டு அறையில் விளக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் சுவிட்சில் கை வைக்க வேண்டும், அதனால் முடியாது என்றார் டாக்டர். சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பேன், கீழே எரிந்தால் போவேன். எல்லாரும் அப்படித்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“எனுக்கு செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரிலியாம்மா. வேலை இல்லன்ட்டாங்க.”

“தெரியும் நைனா” என்றாள்.

“இன்னாம்மா சொல்ற?”

“உம் மாமனுக்கும் அப்டித்தான். ரயில் ஓட்டுற வேலைக்குப் போனான், கண்ணு சரியில்லன்னு அனுப்ச்சிட்டாங்கோ. அத்தோட ஊட்டுல குந்தினவன் எழுந்துக்கவே இல்ல. உனுக்கும் சின்னதுலயே பாத்துட்டேன். சொன்னா நீயும் குந்திப்பியோன்னு பயந்துகினு வாயத் தொறக்கல.”

ஐடிஐயில் எனக்கு எலக்ட்ரீஷியன் பிரிவு கிடைத்த அன்று அம்மா சாப்பிடாமல் அழுதாள். ஷாக் அடித்துவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்து, ஃபிட்டர் பிரிவுக்கு மாறினேன். அவள் பயந்தது வயர்களின் நிறத்துக்கு. என் கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது! போனை வைத்துவிட்டேன்.

அதே நிலையத்தில், வால்வு பழுதுபார்க்கும் பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டேன். அம்மாவோடு மட்டும் சில வாரங்கள் பேசவில்லை. போன ஞாயிறு காலை, இலையுதிர் காலப் பூங்காவில் நின்றபடி நானே வீடியோவில் கூப்பிட்டேன். அவள்தான் ஆரம்பித்தாள்.

“உம் பின்னால இன்னா மரம்டா அது? அம்மாஞ் செவப்பா கீது! நெருப்பு வெச்சா மாரி!”

திரும்பிப் பார்த்தேன். என்னோடு நின்றவர்களெல்லாம் அந்த மரத்தைத்தான் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணூர்பேட்டையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அது கனடா மரமாகத் தெரிந்தது. அதன் அடியில் நின்ற எனக்கு, நம் எஸ்டேட் சாலையோரத்துப் புங்கமரமாகத்தான் தெரிந்தது.