அம்மா சொல்லாத பெயர்

அம்மாவின் வாயில் வராத பெயர்கள் இரண்டு இருந்தன. ஒன்று அப்பாவுடையது. மற்றது அப்பாவைப் பெற்ற அப்பப்பாவுடையது. புருசனின் பெயரையும் மாமனாரின் பெயரையும் பெண்கள் சொல்லக்கூடாது என்று அவர் பழகியிருந்தார். தம்பி பிறந்தபோது, மூத்த ஆண்பிள்ளைக்கு வைக்கும் வழக்கப்படி, அப்பப்பாவின் பெயரையே அவனுக்கு வைத்தார்கள். முருகனின் பெயர்களில் ஒன்று, நீளமானது. பெற்ற பிள்ளையை அம்மாவால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. அதனால் அவனுக்கு வீட்டில் சின்னதாக இன்னொரு பெயர் வந்தது. அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படி இரண்டு பெயர் இருந்தது. யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

கொழும்புக்கு வந்த பிறகுதான் அதற்குப் பயப்பட வேண்டியிருந்தது.

அப்பா இறந்தபின் நாங்கள் மூவரும் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் போகும் குறுகிய ஒழுங்கை ஒன்றில், மாடி அறை எடுத்து இருந்தோம். நான் காலி வீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். நிறமும் விலையும் சொல்லும் அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் தெரியும். தமிழிலேயே நான் அதிகம் கதைப்பதில்லை. தம்பிக்கு இருபத்திமூன்று வயது, விசாவுக்காகக் காத்திருந்தான். எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் ஒழுங்கைகளைச் சுற்றி வளைப்பார்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து, அந்தப் படிவத்தைக் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருப்போம். அதில் இல்லாத ஆள் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று காலை எட்டு மணி இருக்கும். கீழே சப்பாத்துச் சத்தம் கேட்டது. தம்பி குளியலறையில் இருந்தான். கதவைத் திறந்தபோது இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். படிவத்தைக் கொடுத்தேன். "மூன்று பேரும் எங்கே?" என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். நான் திரும்பி, குளியலறைப் பக்கம் பார்த்து, தம்பியை வீட்டுப் பெயரால் கூப்பிட்டேன்.

"கெதியா வெளியில வா. பொலிஸ் வந்திருக்கு."

படிவத்தை வைத்திருந்தவர் தலையை நிமிர்த்தினார். விரலை ஒவ்வொரு பெயரின் மேலும் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நங்கி, இப்ப கூப்பிட்ட பேர் இதில இல்லையே. அது யாரு?"

தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொன்னாலும் அவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. இயக்கத்தில் சேர்ந்து ஆயுதம் எடுக்கிறவர்கள் சொந்தப் பெயரை விட்டு வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள் என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும். தம்பியின் வீட்டுப் பெயரும் அப்படித்தான் இருந்தது, சின்னதாக, முன்னும் பின்னும் ஒன்றும் இல்லாமல். அது தம்பியின் வீட்டுப் பெயர் என்றேன், அவர் நம்பவில்லை. ஈரத் தலையோடு தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். "அக்கா, பயப்பிடாதை. அம்மாவைப் பார்த்துக்கொள்" என்றான். அவனுடைய முகம் வெளுத்திருந்தது.

அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பொலிஸ் நிலையத்தில் மத்தியானம் வரை மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கொண்டுபோனவர்களில் திரும்பாதவர்களின் கதைகள் எனக்குத் தெரியும். வேறெதையும் நினைக்க முடியவில்லை. பிறகு ஓர் அதிகாரியின் மேசைக்குக் கூப்பிட்டார்கள். காலையில் எங்கள் வீட்டுக்கு வந்த அந்தத் தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றார். அதிகாரி முதலில் எங்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, அப்பாவின் பெயர்தான் முன்னால் வரும் என்றேன். அவர் நம்பாதவர் போலப் பார்த்தார். அவருடைய சட்டையில் இருந்த பெயரே ஒரு வரி நீளம்.

"மகனுடைய உண்மையான பெயரை அம்மா சொல்லட்டும். நீ வாய் திறக்கக் கூடாது" என்றார்.

பொலிஸ்காரர் அதை அம்மாவிடம் தமிழில் சொன்னார்.

"என்ர மகன்தான் ஐயா" என்றார் அம்மா.

"பேர்."

"மூத்த ஆம்பிளைப் பிள்ளை."

"அம்மா, பேரைச் சொல்லுங்கோ" என்றேன். வாய் திறக்கக்கூடாது என்றதை மறந்துவிட்டேன். "ஒருக்காச் சொன்னால் விட்டிடுவினம்."

"அது மாமான்ர பேர் பிள்ளை. நான் எப்பிடி?"

"அப்பப்பா செத்துப் பத்து வருசம். சொல்லுங்கோ அம்மா."

அதிகாரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் உதடுகள் அசைந்தன. சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணீர் வழிந்தது. மற்றக் கையால் காற்றில் எழுதிக் காட்டினார். பொலிஸ்காரர் ஒரு தாளும் பேனையும் கொடுத்தார். அம்மா ஐந்தாம் வகுப்புப் படித்தவர். எழுத்தெழுத்தாக அந்த நீளப் பெயரை எழுதித் தாளைத் தள்ளிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பொலிஸ்காரர் அதை வாசித்து அடையாள அட்டையோடு ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். தன் ஆளிடம் ஏதோ சொன்னார். அவர் எங்களுக்குச் சொன்னார்:

"உங்கட தம்பி காலையிலேயே சொல்லிட்டாரு. அம்மாக்கிட்ட என் பேரைக் கேளுங்க, சொல்லமாட்டாங்க, அதுக்காகத்தான் மத்தப் பேர்னு. நம்ம பெரிய சேர் அதைத்தான் பாத்தாரு. சட்டுனு சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டாரு."

சொல்லு சொல்லு என்று நான் நெருக்கியிருந்தேன். அம்மா எனக்காக ஒரு தரம் வாய் திறந்திருந்தால், தம்பி சொன்னது பொய்யாகியிருக்கும். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம். இரண்டு தரமும் என் வாய்தான்.

பின்னேரம் தம்பியை விட்டார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. யார் அடித்தது என்று நாங்கள் கேட்கவில்லை. காலி வீதியால் நடந்து வரும்போது அம்மா சொன்னது ஒன்றுதான்.

"நான் எழுதின அந்தத் தாளை நிலத்தில போட்டு மிதிப்பாங்களோ?"

தம்பி சிரித்தான். கன்னம் நோவெடுத்து உடனே நிறுத்தினான்.

அந்த வருடமே அவன் கனடாவுக்குப் போய்விட்டான். அங்கே படிவங்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. அவனுடைய பிள்ளைகளுக்கும் அதுவே. பேரப்பிள்ளைகளின் முழுப் பெயரை அம்மாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. மகனை மட்டும் பழையபடி வீட்டுப் பெயரால் கூப்பிட்டார். அம்மா போனபின் அந்தப் பெயரைச் சொல்ல யாரும் இல்லை. தம்பி போனில் வரும்போது, "அக்கா, ஒருக்கா என்னை அப்பிடிக் கூப்பிடு" என்று கேட்பான். நான் "தம்பி" என்றுதான் கூப்பிடுவேன். சண்டை முடிந்துவிட்டது, ஒழுங்கையில் இப்போது யாரும் வந்து கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெயர் வாய்வரை வந்தால் என் கண் முதலில் கதவுக்குப் போகிறது. இதில்கூட அதை நான் எழுதவில்லை.