அத்தை சொல்லாத பதில்

உலகத்தில் இதுவரை தயாரான மாத்திரைகளில் பாதியை எண்ணியவர் அத்தைதான். மீதிப் பாதி, அத்தை லீவில் இருந்த நாட்களில் எண்ணாமலே போய்விட்டது. அவர் தும்மினால் நான்கு கண்டங்களில் மருந்து விலை இறங்கும். டாக்டர்கள் எழுதியதை டாக்டர்களுக்கே படித்துக் காட்டியவர். கிருமிகள் அவர் வேலை செய்யும் மருந்துக்கடைப் பக்கம் போக நேர்ந்தால், எதிர் நடைபாதையில் தலையைக் குனிந்துகொண்டு போகும்.

இத்தனை மகிமை இருந்தும், கடைக்கு வரும் ஒருவரிடம் 'இதைச் சாப்பிடுங்க, அதை விடுங்க' என்று அத்தை சொல்லக் கூடாது. அவர் மருந்தாளுநர் இல்லை. மருந்தாளுநரின் மேற்பார்வையில் வேலை செய்யும் டெக்னீஷியன். சீட்டை வாங்கலாம், கம்ப்யூட்டரில் ஏற்றலாம், எடுக்கலாம், எண்ணலாம், லேபிள் ஒட்டலாம். மருந்தாளுநர் பார்த்து இனிஷியல் போட்ட பிறகுதான் பை கைமாறும். யாராவது சந்தேகம் கேட்டால் ஒரே பதில்: "சார் சொல்லுவார், ஒரு நிமிஷம்." பத்தொன்பது வருடமாக இதே பாட்டு. அந்த சார் அத்தையைவிடப் பதினைந்து வயது சின்னவர். அத்தையை 'அக்கா' என்பார்.

'அத்தை' என்பது அண்ணன் மகள் கூப்பிட ஆரம்பித்தது. தெரு முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

ஒரு சாயங்காலம் அந்த அண்ணனே கடைக்கு வந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். இன்னும் சீருடையில் இருந்தார். கூடவே மகள், பள்ளிக்கூடப் பையோடு. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். நல்ல பெண். மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

"என்னண்ணா, இந்த நேரத்துல?"

"சும்மாதான். உன் மூஞ்சியப் பார்த்து நாளாச்சு."

சும்மா வந்தவர் கவுன்டரை அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார். அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். மாத்திரை அட்டைகள் சிதறின.

"ஒரு மாசமா தலை சுத்துது. நேத்து சிக்னல்ல நிக்கிறேன். வண்டி நிக்குது, ரோடு மட்டும் நகருது. பின்னாடி அறுபது பேரு."

"டெப்போல சொன்னியா?"

"சொன்னா ஓரங்கட்டிடுவாங்க. நாளைக்கு முதல் ட்ரிப் என்னோடது. இதுல எது தலையச் சுத்த வைக்குதுன்னு சொல்லு. அதை விட்டுடறேன்."

அத்தை இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெள்ளை மாத்திரை, டெப்போ கிளினிக் டாக்டர் கொடுத்தது. ரோஸ் மாத்திரை, ஐந்து வாரத்துக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகப் பார்த்த டாக்டர் கொடுத்தது. இரண்டுக்கும் கம்பெனிப் பெயர் வேறு வேறு. கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் ஒன்றே. ஒரே ரத்த அழுத்த மருந்தை ஐந்து வாரமாக இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருக்கிறார் மனிதர்.

'வெள்ளையை விட்டுடு' என்ற பதில் அத்தையின் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் அண்ணன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

"சார் சொல்லுவார், ஒரு நிமிஷம்."

"எனக்குமா? உன் கூடப் பொறந்தவன்மா நான். என் தங்கச்சி பாதி டாக்டர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன்."

"மீதிப் பாதியத்தான் கூப்பிடப் போறேன்."

"அந்தப் பொடிப்பையன் எனக்குச் சொல்லணுமாக்கும்! வேணாம் விடு. ரெண்டையும் நிறுத்திடறேன், தீர்ந்தது வம்பு."

அட்டைகளை வாரப் போனவரின் கையை அத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. அப்படியே தலையைத் திருப்பி, "சார்!" என்று கூப்பிட்டார்.

பொடிப்பையன் வந்தார். அத்தை பொடி எழுத்தை விரலால் காட்டினார். அவர் தலையசைத்துவிட்டு, முதலில் அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அத்தைக்கு அது தோன்றவேயில்லை.

"அக்கா பிடிச்சது சரிதான், ரெண்டும் ஒண்ணு. ஆனா இது சட்டுனு நிறுத்தற மருந்து இல்ல. உடம்பு பழகியிருக்கும். திடீர்னு குறைச்சா இதயம் தாறுமாறா அடிக்கலாம். டாக்டர் சொல்ற மாதிரிதான் படிப்படியா இறக்கணும்."

தொண்டையில் நின்ற பதிலை அத்தை மெல்ல விழுங்கினார். கசந்தது.

"டாக்டருக்கு இப்பவே போன் போடறேன். நிஜமா எத்தனை உள்ள போயிருக்குன்னு கேப்பார். எண்ணிடுங்கக்கா."

எண்ணலாம். அது அத்தையின் வேலை. வெள்ளை சரியாக இருந்தது. ரோஸ், எட்டு நாளுக்கு முன் இரண்டாம் தடவையாக வாங்கிய முப்பது. இருபத்திரண்டு மிஞ்ச வேண்டும். பன்னிரண்டுதான் இருந்தது.

"அண்ணா, இது ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஒண்ணுதான்."

"பத்து குறையுது."

மருந்தாளுநரின் விரல் போனில் அப்படியே நின்றது. பத்தும் வயிற்றுக்குள் போயிருந்தால் கூப்பிட வேண்டியது ஆம்புலன்ஸை.

"சத்தியமா ஒண்ணுதான்!" என்றார் அண்ணன்.

அத்தை மறுபடி பார்த்தார். ஓர் அட்டையில் எட்டுக் குழிகள் காலி, இரண்டில் மாத்திரை. எட்டு நாளுக்கு எட்டு. இன்னோர் அட்டை பிரிக்காதது. மூன்றாவது அட்டையைத்தான் காணோம், முழுசாக. கூடுதலாகச் சாப்பிடுகிறவர் காலி அட்டையையாவது விட்டுவைப்பார். இதை எடுத்த கை விழுங்குவதற்காக எடுக்கவில்லை.

பற்பசை அலமாரியை வாலு அளவுக்கு மீறிய அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தாள்.

"வாலு."

"என்னத்தை?"

அத்தை மாத்திரை எண்ணும் தட்டை அவள் பக்கம் நீட்டினார், அவ்வளவுதான்.

வாலு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, ஜியாமெட்ரி பாக்ஸுக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"ரோஸ் மாத்திரை வந்தப்புறம்தான் சுத்துதுன்னு அப்பா அம்மாகிட்ட சொன்னாரு. அதான்... ஒவ்வொரு அட்டையா காணாமப் போகட்டும்னு..."

திட்டுவதற்காக வாயைத் திறந்த அண்ணன், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு, சார். சரியா இருக்கு," என்றார் அத்தை.

மருந்தாளுநர் டாக்டரிடம் பேசினார். இன்றைக்கே வந்து பார்க்க வேண்டும், அவர் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அண்ணன் பெருமூச்சு விட்டு, டெப்போவுக்குச் சொல்லத் தன் போனை எடுத்தார்.

வாலு நைசாக வாசல் பக்கம் நகர்ந்தாள். அத்தை அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்து, காதோரம் குனிந்தார்.

"நம்ம எல்லாரையும் பத்தி நோட்டுல கிறுக்கறியே, இதையும் எழுது. யாரோ ஒரு பொண்ணு செஞ்ச மாதிரி இல்ல. நீதான்னு தெரியற மாதிரி."