மொரப்பூர் ரயிலடியில் ஒரு போர் விமானம்

போர் விமானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்வது அப்போது என் உத்தியோகம். ஒரே பாட்டை நாள் முழுக்கப் பாடிப் பிழைத்தவர்களுக்கு என் தொண்டைக் கஷ்டம் புரியும். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பறந்து ஓய்ந்த ஒரு விமானத்தை ரயிலில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார்கள். பார்க்கிற பையன்கள் விமானப் படையில் சேர வேண்டும் என்பது நோக்கம். இன்றும் கரிப்புகை வாசனை வந்தால் மனசு மொரப்பூருக்கு ஓடிவிடுகிறது. அங்கே மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்புவரை படித்த மாதன், நாங்கள் போய் இறங்கிய உடனே படைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். அங்கே விமானம் காட்டிய கடைசி நாள் சாயங்கால வண்டியில் அவன் கிளம்ப வேண்டும். அன்று காலையிலிருந்தே அவனுடைய அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

சக்கரம்

கடத்தூர் விவசாயி ஒருவர், நான் இயந்திரம், துப்பாக்கி எல்லாம் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு குனிந்து சக்கரத்தைச் சாண் போட்டு அளந்தார். முகம் சுருங்கியது. "இத்தனூண்டு சக்கரத்த வெச்சிகிட்டு ஏர் ஓட்டின காட்டுல எறங்கினா குப்புறக் கவுத்துடுமேங்க. ஓட்டற புள்ள என்னாவறது?"

எலுமிச்சம்பழம்

கம்பைநல்லூரிலிருந்து ஒரு கும்பல் தேங்காய், கற்பூரத்தோடு வந்தது. புது வண்டிக்குச் செய்வதுபோலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, விமானத்தின் மூக்கில் குங்குமம் இட்டார்கள். கற்பூரம் ஏற்றியதும் வெள்ளைக்கார அதிகாரி "பெட்ரோல், பெட்ரோல்" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். டாங்கியில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவன் நான்தான். தேங்காய் உடைத்த பெரியவர் அசரவில்லை. "தொரயச் சும்மா இருக்கச் சொல்லுங்க. இதுல ஏறுறவன் வெள்ளக்காரனா இருந்தாலும் ஒரு ஆத்தா பெத்த புள்ளதானுங்க."

இருக்கை

அந்தக் கடைசி நாள் மத்தியானம் அதிகாரி சாப்பிடப் போனதும் மாதனின் அம்மா கிட்டே வந்தாள்.

"எம்பையன் எங்கங்க குந்துவான்?"

அவனுக்குக் கீழே நின்று பழுது பார்க்கிற வேலைதான், பறக்க வேண்டியதில்லை என்றேன்.

"கீழ நிக்கறவன மேல ஏத்த எத்தினி நேரமாவும்?" என்றாள்.

பார்க்க வருகிறவர்களை ஏற்றக் கூடாது என்று உத்தரவு. உத்தரவாவது ஒன்றாவது என்று ஏணியைப் போட்டேன். ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள், முட்டியது. இரண்டு பக்கமும் கையால் துழாவினாள், தகரம்தான் தட்டுப்பட்டது. "ஒருத்தன்தானுங்களா? பயமா இருந்தா யாருகிட்டங்க சொல்லுவான்?"

விமானத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லும்படி என்னைத் தயார் பண்ணி அனுப்பியிருந்தார்கள். மொரப்பூர்க்காரர்களோ அதில் ஏறுகிறவனைப் பற்றியே கேட்டுத் தொலைத்தார்கள்.