கையால் மிதித்த கிளட்ச்

மதலைமுத்துவுக்கு இடது கால் முழங்காலோடு போனது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில். செஞ்சிக் கடைத்தெருவில், சிங்காரவேலு செட்டியாரின் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை அடுக்கு சரிந்து நசுக்கிய கால். செட்டியாரே செலவு செய்து வைத்தியம் பார்த்தார். செட்டியாரின் டிரைவர் அவன். இனிமேல் கார் ஓட்டுகிற எண்ணத்தை விட்டுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள்.

நாலாம் மாதம் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தான். செட்டியார் வீட்டு ஆஸ்டின் காரின் தரைத் தகட்டில் உளி வைத்து ஓட்டை போட்டான். மாட்டுவண்டிக் கம்பி ஒன்றைக் கொல்லுப்பட்டறையில் வளைத்து, ஓட்டை வழியாக இறக்கி, கிளட்சோடு பிணைத்தான். இடது முழங்கையால் கம்பியை அழுத்துவான். அதே கையின் விரல்கள் கியரை மாற்றும். பதினொரு வருஷம் அப்படித்தான் ஓட்டினான். ஒரு மாடுகூட அடிபட்டதில்லை.

அறுபத்து மூன்றில் மெட்ராஸிலிருந்து வக்கீல் ராமகிருஷ்ணன் வந்தார். பழைய கார்களைத் தேடி வாங்குகிறவர். செட்டியாரின் தகப்பனார் முப்பத்தைந்தில் வாங்கிய வண்டி அது. விளக்கு, ஹாரன், தோல் சீட் எல்லாம் அன்று வந்தவை. வக்கீல் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். கம்பியைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"இது என்ன அசிங்கம்? கம்பெனியிலேர்ந்து வந்தபடி இருக்கணும். இதை எடுத்துட்டு ஓட்டையை அடைச்சுக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

"நானே வந்தபடி இல்லியே சார்" என்றான் மதலைமுத்து.

வக்கீல் சிரிக்கவில்லை. செட்டியார் அவனைத் தனியாக அழைத்தார். பதிவு செய்திருந்த புது அம்பாசடருக்கு முறை வந்துவிட்டது.

"நீயே கழட்டிடு முத்து. புது வண்டிக்குத் திண்டிவனத்து ஆளு ஒருத்தனச் சொல்லிட்டேன். நீ மண்டியில உக்காந்து மூட்டையப் பாத்துக்க. சம்பளம் கொறையாது."

"நான் டிரைவர் மொதலாளி. கம்பியக் கழட்டிட்டா நான் யாரு?"

"அப்ப கழட்ட மாட்ட?"

"மாட்டேன்."

பஸ் ஸ்டாண்டுப் பட்டறையிலிருந்து தனகோட்டி வந்தான். "கோச்சிக்காதண்ணே, வவுத்துப் பொழப்பு" என்று சொல்லிக்கொண்டே கழற்றினான். ஓட்டைக்குப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, பெயிண்டும் அடித்தான். மதலைமுத்து கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை வக்கீல் தன் டிரைவரோடு வந்தார். செட்டியாரின் மனைவி சாரதா காருக்குப் பொட்டு வைத்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"முத்து, வண்டிய எடு" என்றாள்.

அந்த வீட்டில் வண்டி உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் வீட்டு ஆள்தான் பழத்தின்மேல் ஏற்ற வேண்டும். தள்ளிக்கொண்டு போவது லட்சுமியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது. அன்னியன் ஓட்டிப் போனால் திருட்டுப் போனது மாதிரி. செட்டியாருக்கு ஓட்டத் தெரியாது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கம்பியைக் கழற்றும்போது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"கம்பி இல்லாம எப்பிடிம்மா எடுக்கறது?"

"பத்தடிதானேப்பா" என்றார் வக்கீல்.

"பத்தடிக்கும் ரெண்டு காலு வேணும் சார்."

"நான் எடுக்கறேன்மா" என்றான் கூலி வாங்க வந்திருந்த தனகோட்டி.

"நீ எங்க வூட்டு ஆளா? செஞ்ச வேலைக்கு நீ பேசாம இரு" என்றாள் சாரதா. "முத்து, கம்பியக் கொண்டாந்து மாட்டு."

வக்கீல் பதறினார். "புதுத் தகடும்மா அது!"

"உங்க தகட்டுக்காக எங்க வூட்டு லட்சுமிய அன்னியன் கையில குடுக்கணுமா? வேணாம்னா வண்டி இங்கயே நிக்கட்டும்."

தனகோட்டி தான் அடைத்த இடத்தையே திரும்ப வெட்டினான். மதலைமுத்து வீட்டிலிருந்து கம்பியைக் கொண்டுவந்து மாட்டி, சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். பழங்கள் நசுங்கின. வாசலில் நிறுத்த வேண்டிய வண்டி நிற்கவில்லை. வக்கீல் நாலடி பின்னால் ஓடிப் பார்த்தார். கார் கடைத்தெருவைக் கடந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, கோட்டை வரை போய், கால் மணி கழித்துத் திரும்பி வந்தது.

மதலைமுத்து இறங்கினான். ஸ்பேனரை வக்கீலிடம் நீட்டினான்.

"கழட்டறதுன்னா நீங்களே கழட்டிக்குங்க சார்."

வக்கீல் தன் வெள்ளை பேண்டைப் பார்த்தார், மண் தரையைப் பார்த்தார். கம்பியோடேயே வண்டியைக் கொண்டுபோனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்பாசடர் வந்து வாசலில் நின்றது. உள்ளே திருப்பப் போன திண்டிவனத்து டிரைவரை மதலைமுத்து கை காட்டி நிறுத்தினான்.

"எறங்குய்யா. வூட்டு ஆளுதான் உள்ள ஓட்டணும்."

அவன் கையில் பட்டறையிலிருந்து புதிதாக அடித்து வந்த கம்பி. பக்கத்தில் தனகோட்டி, உளியும் சுத்தியுமாக.

"டேய், புது வண்டிடா!" என்று செட்டியார் ஓடி வந்தார். "ஓட்ட கீட்ட போட்ட, தொலைச்சிடுவேன்!"

"அம்மாவக் கேளுங்க மொதலாளி."

சாரதா பழங்களோடு படியில் நின்றிருந்தாள். பளபளக்கிற வண்டியைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள்.

"போடறதுன்னா சீக்கிரம் போடுங்க" என்றாள். "பத்தரைக்கு ராகுகாலம்."

மதலைமுத்து கதவைத் திறந்து குனிந்து, ஓட்டை எங்கே என்று சாக்பீஸால் வட்டம் போட்டான்.